கார்ன்வால் சைக்கிள் சுற்று: நேரம் போதாவிட்டால் கடலைக் குறையுங்கள், சுரங்க நாட்டைக் குறைக்காதீர்கள்

கேள்வி இதுதான்: "ஜூனில் நான்கு நாள் விடுப்பு. லண்டனிலிருந்து சைக்கிளோடு கார்ன்வால் போய் வெஸ்ட் கெர்னோ வே சுற்றை ஓட்டி முடிக்க முடியுமா? ரோடு சைக்கிள் போதுமா? பழைய சுரங்கப் பகுதிகளில் பார்க்க ஏதாவது உண்டா, இல்லை கடற்கரையோடு போய்விடலாமா?"

தெற்கு முனையை மட்டும் விட்டுவிட்டால் நான்கு நாளில் ஓட்டலாம். ரோடு சைக்கிள் போதாது. மூன்றாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் முறை நானும் கடற்கரைக்காகத்தான் போனேன். அப்புறம் இரண்டு முறை போனது சுரங்கங்களுக்காக.

முதலில் அடிப்படை விஷயங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், பென்சான்ஸ் ஊரில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிற சுற்று இது. ஏறத்தாழ 150 மைல். சைக்கிளிங் யூகே அமைப்பு 2021-ல் இதைத் தொகுத்து வெளியிட்டது. கெர்னோ என்பது கார்ன்வாலுக்கு அந்த மண்ணின் பழைய மொழியில் உள்ள பெயர். ஒற்றையடி தார்ச்சாலை, குதிரைப் பாதை, தண்டவாளம் பெயர்த்த பழைய டிராம் பாதை எல்லாம் கலந்து வரும். நான் கீழே சொல்லும் வழி அந்தத் தடத்தின் நகல் அல்ல. அதை வைத்துக்கொண்டு நானே மாற்றி ஓட்டிய வழி.

சைக்கிளைப் பொறுத்தவரை, 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், நன்றாகக் கீழிறங்கும் கியர், இரண்டும் கட்டாயம். பெரிய மலை என்று ஒன்றும் இல்லை. ஆனால் கடற்கரையில் ஒவ்வொரு சிற்றோடையும் ஒரு பள்ளத்தை வெட்டி வைத்திருக்கிறது. ஊர் அந்தப் பள்ளத்தின் அடியில் இருக்கும். சாலை சுவர் மாதிரி இறங்கி, பாலத்தைத் தாண்டி, மறுபடி சுவர் மாதிரி ஏறும். நாளைக்கு எட்டு, பத்து முறை இப்படி நடந்தால் தொடை விட்டுப்போகும். ஒரு நாளைக்கு 100 கி.மீ. சமதளத்தில் ஓட்டிப் பழகியவர் இங்கே 60 கி.மீ.தான் கணக்குப் போட வேண்டும்.

சாலை ஓரத்து வேலியையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அதைச் செடிவேலி என்கிற பொருளில்தான் சொல்வார்கள். உண்மையில் அது இரண்டு பக்கமும் கருங்கல் அடுக்கி, நடுவில் மண் கொட்டி இறுக்கிய ஆள் உயர வரப்பு. மேலே புல்லும் காட்டுப் பூவும் மூடியிருப்பதால் மெத்தை மாதிரித் தெரியும். எதிரே டிராக்டர் வரும்போது அதில் சாய்ந்து ஒதுங்கலாம் என்று நினைத்து ஒருவர் கைப்பிடியை உரசியதையும், முழங்கை தோல் உரிந்ததையும் பார்த்திருக்கிறேன். வளைவுகளில் மணி அடித்துக்கொண்டே போங்கள். இன்னொன்று, கடலோரம் முழுக்க ஓடும் தென்மேற்குக் கடற்கரைப் பாதை நடப்பவர்களுக்கானது. ஒதுக்கப்பட்ட சில துண்டுகளைத் தவிர அதில் சைக்கிள் கூடாது. வரைபடத்தில் குதிரைப் பாதை என்று இருந்தால் போகலாம், நடைபாதை என்று இருந்தால் இறங்கித் திரும்புங்கள்.

முதல் நாள் பென்சான்ஸிலிருந்து மேற்கே. போர்த்கர்னோவில் ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள். 1870-ல் பம்பாயிலிருந்து வந்த கடலடித் தந்திக் கம்பித் தொடர் கரையேறியது அந்தச் சின்ன மணல் விரிகுடாவில்தான். பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையே செய்தி நிமிடக் கணக்கில் போகத் தொடங்கியது இங்கிருந்து. அருங்காட்சியகமும் உண்டு. லாண்ட்ஸ் எண்டில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், கூட்டமும் கடைகளும்தான். அங்கிருந்து வடக்கே செயின்ட் ஜஸ்ட் தாண்டியதும் நாடு மாறும்.

பொட்டாலக்கில் பாறை விளிம்புக்குக் கீழே, அலை தெறிக்கிற உயரத்தில் இரண்டு கல் கட்டடங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லாப் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். அவை கோட்டையோ தேவாலயமோ அல்ல, சுரங்கத்துக்கான நீராவி எஞ்சின்களை வைத்திருந்த எஞ்சின் வீடுகள். சுரங்கத்தின் தோண்டுகுழி அங்கிருந்து கடலுக்கு அடியில் போனது. புயல் நாட்களில் தலைக்கு மேலே கடலடிப் பாறைகள் உருளும் சத்தம் கேட்டதாக அங்கே வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கொஞ்சம் வடக்கே லெவண்ட். இது கடலுக்கு அடியில் ஒரு மைல் அளவுக்குப் போன சுரங்கம். ஆழத்துக்கு இறங்க, ஏற இங்கே ஆளேற்றும் எந்திரம் ஒன்று இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கும் கிணற்றின் நீளம் முழுக்க, மேலும் கீழும் 12 அடி போய் வரும் ஒரு மரத்தண்டு, அதில் இடைவெளி விட்டுச் சின்னச் சின்னப் படிகள், கிணற்றுச் சுவரிலும் அதே இடைவெளியில் படிகள். தண்டு மேலே போகும்போது அதில் ஏறி நின்று, அது நிற்கும் கணத்தில் சுவர்ப் படிக்கு மாறி, தண்டு கீழே போய்த் திரும்பி வரும்போது அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். இப்படியே பன்னிரண்டு பன்னிரண்டு அடியாக மேலே வருவார்கள். 1919 அக்டோபர் 20 அன்று வேலை முடிந்து நூறு பேருக்கு மேல் அதில் ஏறிக்கொண்டிருந்தபோது, தண்டின் உச்சியில் இருந்த இரும்பு இணைப்பு அறுந்தது. 31 பேர் இறந்தார்கள். அங்கே போனால் நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டும் நாளா என்று பார்த்துக்கொண்டு போங்கள். 1840-ல் செய்த எஞ்சின், இன்றும் நீராவியில் ஓடுகிறது.

அதற்கு அடுத்தது கீவர். 1990 வரை வேலை நடந்த வெள்ளீயச் சுரங்கம், இப்போது அருங்காட்சியகம். தலைக்கவசமும் மேலங்கியும் கொடுத்துப் பழைய சுரங்கப் பாதை ஒன்றுக்குள் கூட்டிப்போவார்கள். குனிந்துதான் நடக்க வேண்டும். எனக்கு அதைவிட மனதில் தங்கியது தொழிலாளர்கள் உடை மாற்றும் கூடம். கடைசி நாள் எப்படி விட்டுப் போனார்களோ அப்படியே வைத்திருக்கிறார்கள். தொங்கும் வேலை உடுப்பு, பெட்டிக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கர், சிவப்பு மண் படிந்த பூட்ஸ். என் அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் வாசலிலேயே கழற்றிப் போடும் பூட்ஸ் இதே மாதிரித்தான் இருக்கும். அந்தக் கூடத்தில் நான் நின்ற நேரம், மற்றவர்கள் நின்றதைவிட அதிகம்.

பெண்டீனில் இரவு தங்கினால், மறுநாள் ஸென்னார் வழியாக செயின்ட் ஐவ்ஸுக்குப் போகும் பி 3306 சாலை காலை வெளிச்சத்தில் கிடைக்கும். இடது பக்கம் கடல், வலது பக்கம் மேட்டுப் புதர்க்காடு, நடுவில் கைக்குட்டை அளவுச் சின்னச் சின்ன வயல்கள், கல் வரப்புகள். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், பிறகு சுற்றுலாக் கார்கள் வந்துவிடும். ஹெய்லில் ஒரு பழைய வார்ப்பாலையின் மிச்சம் இருக்கிறது. ஹாலந்தில் ஹார்லெம் ஏரியை வற்ற வைத்த 12 அடி விட்டமுள்ள எஞ்சின் உருளை வார்க்கப்பட்டது இந்த ஊரில். அங்கிருந்து பாறை விளிம்புச் சாலையில் போர்ட்ரீத் வரை காற்று பின்னாலிருந்து தள்ளும். இந்தப் பக்கம் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான், அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போகும் துண்டுகளை வடகரையில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் நாளுக்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

போர்ட்ரீத்தில் ஒரு சின்னத் துறைமுகம். அங்கிருந்து தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டி, தெற்குக் கரையில் டெவோரான் வரை 11 மைல் போகிறது கோஸ்ட் டு கோஸ்ட் பாதை. வெறும் 18 கி.மீ., ஏற்றமும் குறைவு. அதனால் பலர் ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டு "பரவாயில்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வட்டாரத்திலிருந்துதான் வந்தது. நீங்கள் ஓட்டுவது அந்தச் செம்பு போன வழியில்.

பாதை ஏன் கரையிலிருந்து கரைக்குப் போகிறது என்று யோசித்தால் எல்லாம் விளங்கும். செம்புத் தாதுவை உருக்க, தாதுவைவிட அதிக எடை நிலக்கரி வேண்டும். கார்ன்வாலில் நிலக்கரி இல்லை. அதனால் நிலக்கரியைத் தாதுவிடம் கொண்டுவருவதைவிடத் தாதுவை வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீக்குக் கப்பலேற்றுவது மலிவு. தாது இறக்கிய கப்பல், திரும்பி வரும்போது சுரங்க எஞ்சின்களுக்கு நிலக்கரி ஏற்றி வரும். இரு திசையிலும் சரக்கு. கோவேறு கழுதைகள் சேற்றில் சுமந்ததை 1809-ல் போர்ட்ரீத் பக்கம் குதிரை இழுக்கும் டிராம் பாதையாக மாற்றத் தொடங்கினார்கள். தெற்குப் பக்கம் ரெட்ரூத் - சேஸ்வாட்டர் ரயில்பாதை 1826-ல் வந்தது. அதிலும் முதலில் குதிரைதான், நீராவி வண்டி 1854-ல். 1915-ல் மூடிவிட்டார்கள். சில இடங்களில் தண்டவாளத்தைத் தாங்கிய கருங்கல் துண்டுகள், ஆணி அடித்த துளையோடு, இன்னும் மண்ணில் பதிந்திருக்கின்றன. சைக்கிளை நிறுத்தி விரலை விட்டுப் பாருங்கள்.

அந்த இரண்டாவது ரயில்பாதையைக் கொண்டுவர முன்நின்றவர் ஜான் டெய்லர். 1819 முதல் குவென்னாப் வட்டாரத்தில் கன்சாலிடேட்டட் மைன்ஸ் என்ற பெரும் செம்புச் சுரங்கத்தை நடத்திய பொறியாளர். அவருடைய பிள்ளைகள் காலத்தில் அவர் நிறுவனம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் ஆனது. 1880-களில் கோலாரில் தங்கச் சுரங்கங்களை நடத்த வந்தது அதே நிறுவனம். மேலே கேப்டன்கள் எனப்பட்ட கார்ன்வால் மேற்பார்வையாளர்கள், கீழே பெரும்பாலும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள். 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொள்ளும் வரை அப்படியே ஓடியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. முதல் முறை இந்த வழியில் ஓட்டியபோது எனக்கு இது தெரியாது. வழியில் ஒரு தகவல் பலகையில் டெய்லர் என்ற பெயரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் வயதானவர்கள் "டெய்லர் கம்பெனி காலம்" என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். இறங்கி, சைக்கிளைக் கல் வரப்பில் சாய்த்துவிட்டு, அந்தப் பலகையை மூன்று முறை படித்தேன்.

ஆகவே இந்த நாளை அவசரப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்ரீத்திலிருந்து ஸ்காரியர் வழியாகப் போல்டைஸ் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். பச்சைப் பசேல் என்று வந்த நாடு அங்கே திடீரென்று நின்றுவிடும். மஞ்சளும் காவியும் சாம்பலுமாக மண்மேடுகள், புல் கிடையாது, அங்கங்கே ஊதா நிறப் புதர்ச்செடி மட்டும். செம்பும் ஆர்சனிக்கும் கலந்த மண்ணில் மற்றது முளைக்காது. தங்கவயலில் வளர்ந்த யாருக்கும், தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண்மேடு நினைவுக்கு வரும். மேடுகளில் ஏறி ஓட்டாதீர்கள், தூசியைக் கிளப்பாதீர்கள், சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள், ஓடைத் தண்ணீரைப் புட்டியில் பிடிக்காதீர்கள். பாதையை விட்டு விலகவும் வேண்டாம். பழைய கிணறுகள் பல உண்டு. சிலவற்றின் மேல் கூம்பு வடிவ இரும்பு வலை போட்டிருப்பார்கள், வௌவால் வந்துபோக வழி விட்டு.

ட்வெல்வ்ஹெட்ஸ் என்ற சிற்றூரில் நேரே போகாமல், டெய்லரின் பழைய ரயில்பாதையைப் பிடித்து மேற்கே ஏறுங்கள். அது உங்களைக் கிரேட் ஃபிளாட் லோடு பாதையில் சேர்க்கும். கார்ன் பிரே குன்றைச் சுற்றி 12 கி.மீ. வட்டம். மற்ற இடங்களில் தாதுப் படலம் ஏறக்குறையச் செங்குத்தாகப் பூமிக்குள் இறங்கும். இங்கே அது சாய்ந்து படுத்திருக்கிறது. லோடு என்றால் தாதுப் படலம், ஃபிளாட் என்ற பெயரே அதனால் வந்ததுதான். எஞ்சின் வீடுகள் அடுக்கடுக்காக நிற்பதை இங்கேதான் பார்க்க முடியும். ஒன்றின் அருகே போய்ச் சுவரைப் பாருங்கள். மூன்று சுவர் ஒரு கனம், நான்காவது மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். பல டன் எடையுள்ள வார்ப்பிரும்பு உத்தரம் அந்தச் சுவர் மேல்தான் உட்கார்ந்தது. பாதி கட்டடத்துக்குள்ளே, நீராவி உருளைக்கு மேலே. பாதி வெளியே, கிணற்றுக்கு மேலே. நம் ஊர் ஏற்றமரம் மாதிரி மேலும் கீழும் ஆடி, கீழேயிருந்து தண்ணீரை இறைத்தது. எந்திரத்தின் உடம்பில் ஒரு பாகம்தான் அந்தச் சுவர். அதனால்தான் இரும்பைப் பெயர்த்து விற்ற பிறகும் கட்டடங்கள் விழாமல் நிற்கின்றன. புகைபோக்கியின் கீழ்ப்பகுதி கருங்கல்லாகவும் மேல் பகுதி செங்கல்லாகவும் இருக்கும்.

வழியெல்லாம் வீல் ஜேன், வீல் யூனி, வீல் புல்லர் என்று பெயர்கள் வரும். வீல் என்பது சக்கரம் அல்ல, கார்னிஷ் மொழியில் வேலை நடக்கும் இடம், சுரங்கம் என்று பொருள்.

முதல் தடவை எனக்கு இங்கேதான் டயர் போனது. மழை நாள், கழிவுக் கல்லின் கூர்மையான சில்லு ஒன்று பக்கவாட்டில் கிழித்துவிட்டது. கையில் இருந்தது ஒட்டுப் பசை மட்டும். நடந்தே இறங்கினேன். டயருக்கு உள்ளே வைக்க ஒரு துண்டுப் பழைய டயரும் இரண்டு டியூபும் எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்ஸோவில் சைக்கிள் கடை இருக்கிறது.

திரும்பி ட்வெல்வ்ஹெட்ஸுக்கு இறங்கும் வழியில் குவென்னாப் பிட் பார்த்துவிட்டு வாருங்கள். சுரங்கம் உள்வாங்கிப் பள்ளமான இடத்தில் வட்டப் படிகள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1762-லிருந்து 1789 வரை பதினெட்டு முறை இங்கே பிரசங்கம் செய்தார். அடுத்தது கார்னன் ஆறு. சுற்றிலும் உள்ள சுரங்கங்களின் தண்ணீரை வெளியேற்ற 1748-ல் தோண்டத் தொடங்கிய கவுண்டி அடிட் என்ற வடிகால் குடைவு, கிளைகளோடு சேர்ந்தால் 60 கி.மீ.க்கு மேல். வெட்டியவர்கள் போய் இத்தனை தலைமுறை ஆன பிறகும் அது ஆற்றில் தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருக்கிறது. வீல் ஜேன் சுரங்கம் 1991-ல் மூடி, பம்புகளை நிறுத்தியபோது, உள்ளே நிரம்பிய அமிலத் தண்ணீர் 1992 ஜனவரியில் உடைத்துக்கொண்டு வந்து இந்த ஆற்றையும் கழிமுகத்தையும் ஆரஞ்சு நிறமாக்கியது. இப்போதும் சுண்ணாம்பு கலந்து சுத்திகரித்துத்தான் விடுகிறார்கள். சுரங்கம் மூடினாலும் செலவு மூடாது என்பதை அந்த ஆற்றங்கரையில் நின்றால் புரிந்துகொள்ளலாம். தங்கவயலில் மேடுகளைப் பார்க்கும்போதும் எனக்கு இதே கவலைதான்.

எல்லாம் சேர்த்து அன்றைக்கு 45, 50 கி.மீ. வரும். காலை எட்டுக்குத் தொடங்கினால் மாலை ஐந்துக்கு டெவோரான். கப்பல் வந்த துறை இப்போது சேறும் நாரைகளும்.

நான்காம் நாளில்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். முழுச் சுற்று என்றால் தெற்கே லிசார்ட் முனை வரை இறங்க வேண்டும். பிரிட்டன் பெருநிலத்தின் தென்கோடி அது. பாம்புத்தோல் மாதிரிப் பச்சை, சிவப்புக் கோடிட்ட பாறை. போகும் வழியில் 1962-ல் டெல்ஸ்டார் செயற்கைக்கோளின் ஒளிபரப்பைப் பிடித்த கூன்ஹில்லி அலைவாங்கி. பக்கத்தில் போல்து, 1901 டிசம்பரில் மார்க்கோனியின் சமிக்ஞை அட்லாண்டிக்கைக் கடந்தது அங்கிருந்து. எல்லாம் அருமைதான். ஆனால் டெவோரானிலிருந்து லிசார்ட் போய் ஒரே நாளில் பென்சான்ஸ் வருவது இந்த ஏற்ற இறக்கத்தில் உங்கள் முதல் பயணத்துக்கு அதிகம். ஐந்தாம் நாள் கிடைத்தால் லிசார்ட்டில் ஒரு இரவு தங்குங்கள். கிடைக்காவிட்டால் லிசார்ட்டை விட்டுவிட்டு, கான்ஸ்டன்டைன், க்வீக், ஹெல்ஸ்டன் வழியாக நேரே மராசியன் வாருங்கள். நல்ல கடற்கரை உங்களுக்கு முதல் இரண்டு நாளிலேயே கிடைத்துவிடும். மூன்றாம் நாளை மட்டும் சுருக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு வழியெங்கும் பாஸ்டி கிடைக்கும், மாவுக்குள் பொதிந்து சுட்ட பலகாரம். பாரம்பரியமானதில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் போன்ற ஒரு கிழங்கு. சைவம் என்றால் சீஸும் வெங்காயமும் வைத்தது பெரும்பாலான கடைகளில் உண்டு, மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மெக்சிகோவின் ரியல் தெல் மொன்தேக்கும் கார்ன்வால் தொழிலாளர்கள் இதைக் கொண்டுபோனார்கள், இன்றும் அங்கே மிளகாய் வைத்துச் செய்கிறார்கள். 1860-களில் செம்பு விலை விழுந்ததும் இவர்கள் ஊரூராகக் கிளம்பிப் போனவர்கள்.

ரயிலுக்கு வருவோம். பாடிங்டனிலிருந்து பென்சான்ஸுக்கு நேரடி வண்டி உண்டு, இரவு வண்டியும் உண்டு. இரவில் ஏறி, விடிந்ததும் இறங்கி ஓட்டத் தொடங்குவது உங்கள் நான்கு நாளுக்குப் பொருந்தும். சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும், இடம் சில மட்டுமே. உங்கள் இருக்கையைப் பதிவு செய்யும் முன் சைக்கிளுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜூன் என்பது நல்ல தேர்வு, பாதை காய்ந்திருக்கும், இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

மராசியன் வந்ததும் வற்றுநேரம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். கடல் வற்றினால் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் தீவுக்குக் கல் பாவிய பாதை வெளியே வரும், சைக்கிளைக் கரையில் பூட்டிவிட்டு நடந்து போய் வரலாம். அங்கிருந்து பென்சான்ஸ் ரயில் நிலையம் கடலோரமாக 5 கி.மீ., முழுக்கச் சமதளம்.

போய் வந்ததும் எழுதுங்கள். அந்தக் கருங்கல் துண்டுகள் எந்த இடத்தில் கண்ணில் பட்டன என்று குறித்துக்கொண்டு வந்தால் எனக்கும் சொல்லுங்கள், அடுத்த முறை என் மகளைக் கூட்டிப்போகப் போகிறேன்.